கருப்புக்கு வைத்த பாட்டில்

மொக்கையன் தினமும் காலை ஆறரை மணிக்குத் தெருக்குழாயடியில் நின்று மாத்திரை போடுவார். மனைவி அன்னக்கொடி குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து அவர் கையில் கொடுப்பாள். வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, அடியில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று நாக்கைத் தூக்கிக் காட்டுவார். முதல் வாரம் அன்னக்கொடிக்கு மட்டும் காட்டினார். அப்புறம் வரிசையில் நின்ற எல்லாருக்கும் காட்ட ஆரம்பித்தார். விடிந்ததும் விடியாததுமாக இந்த ஆளின் நாக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். இதை வீட்டுக்குள் வைத்துப் போட்டால் என்ன என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

"குடிச்சுப்புட்டு இதே எடத்துலதான விழுந்து கெடந்தேன். உள்ள போயி விழுய்யான்னு அப்ப ஒருத்தரும் சொல்லலையே. மாத்திரைய மட்டும் எதுக்கு ஒளிஞ்சு போடணும்?" என்றார் மொக்கையன்.

அன்றிலிருந்து அவர் நாக்கைத் தூக்கினால் வரிசை தானாகத் திரும்பி மேகத்தைப் பார்க்கும்.

கீழக்குயில்குடிக்கு மேற்கே இரண்டு கண்மாய் தாண்டி இருக்கிறது அந்த ஊர். மொக்கையனுக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் வேலை. அவர் குடித்த காலத்தில் வேலை முடிந்து வண்டியை அவர் ஓட்டி வந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டிதான் அவரை ஏற்றிக்கொண்டு வரும். ஒயின்ஷாப் வாசலில் தானாக நிற்கவும், வீட்டு வாசலில் தானாகச் சாயவும் அதற்குத் தெரிந்திருந்தது. அவரைக் கடித்த கொசுக்கள் மறுநாள் பத்து மணிவரை எழுந்திருக்காது, அன்னக்கொடி விளக்குமாற்றால் கூட்டித்தான் அள்ளுவாள். ஒரு தீபாவளிக்கு எருமையைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, தன் காலில் கயிற்றைப் போட்டுத் தொழுவத்து முளையில் கட்டிக்கொண்டு தூங்கினார். எருமை அதைப் பற்றி இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

போன ஆடியில் கை நடுக்கமும் வலிப்புமாக அவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள் படுக்கையில் வைத்து, குடியை உடம்பிலிருந்து இறக்கி, ஈரலையும் இருதயத்தையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் டாக்டர் ஹம்சவேணி அந்த மாத்திரையை எழுதினார். வீட்டில் சௌராஷ்டிரமும் ஆஸ்பத்திரியில் சுருக்கமான தமிழும் பேசுகிற அம்மாள். அவர் எழுத்தை மொக்கையனே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார் என்பதை நம்பாதவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

டாக்டர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. மாத்திரை இருக்கிற உடம்பில் சரக்கு போனால் முகம் நெருப்பாகும், நெஞ்சு தறிகெட்டு அடிக்கும், பிரஷர் விழும், ஆளே போகலாம். இருமல் டானிக்கிலும் அரிஷ்டத்திலும்கூடச் சரக்கு இருக்கும், பார்த்து வாங்க வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், மெடிக்கலில் எதை வாங்கினாலும், முதலில் மாத்திரையின் பேர் எழுதிய இந்த அட்டையைக் காட்ட வேண்டும். தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மாதாமாதம் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, இது குடியை மறக்கடிக்கிற மந்திரம் இல்லை, நினைப்பு வரத்தான் செய்யும் என்றும் சொன்னார். போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்று மொக்கையன் தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் காட்டினார். மெடிக்கல்காரர் எடுத்த மாத்திரையைத் திரும்ப வைத்துவிட்டு, இது அதோடு சேராது என்று சொல்லி, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு வேறு கொடுத்தார். அதிலிருந்து மொக்கையனுக்கு அட்டையின் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. சவரக்கடையில் காட்டி, கன்னத்தில் தடவும் வாசனைத் தண்ணீரை மூடி வைக்கச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கும் பதிலுக்கு அட்டையைக் காட்டினார்.

இத்தனையையும் ஊர் பொறுத்துக்கொண்டது. மாசி மாதம் வந்தபோதுதான் பொறுக்க முடியாமல் போனது.

காரணம், மொக்கையன் வெறும் மொக்கையன் இல்லை. கண்மாய்க்கரைக் கருப்புக்குச் சாமியாடி. அப்பா பேயாண்டிக்குப் பிறகு பதினெட்டு வருடமாகக் கருப்பு அவர் மேல்தான் இறங்கும். மாசிக் கும்பிடு அன்று, உச்சிப்பொழுதில் கிடாய் வெட்டியதும், கருப்புக்கு ஒரு முழுப் பாட்டில் கொடுப்பார்கள். மேளக்காரர் குச்சியை ஓங்குவார், கருப்பு பாட்டிலை வாயில் வைக்கும், குச்சி மேளத்தில் விழுவதற்குள் பாட்டில் காலியாகிவிடும். குடிப்பது கருப்பு. கருப்பு மலையேறிய பிறகு மூன்று நாள் வேப்பமரத்தடியில் கிடப்பது மொக்கையன்.

கும்பிடுக்கு இருபது நாள் இருக்கையில் பங்காளிகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் பெரியப்பா மகன் ஜெயபாண்டி, கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர். மாத்திரையைப் பற்றி நல்லபடியாக விசாரித்தார். உடம்பு தேறியிருக்கிறது என்றார். அன்னக்கொடி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் பாட்டில் பேச்சை எடுத்தார். மொக்கையன் ஒரே வார்த்தையில் முடியாது என்றார்.

"நீ குடிக்க வேணாம் தம்பி. நீ குடிய விடணும்ண்டு நாங்களுந்தான வேண்டிக்கிட்டோம். குடிக்கப் போறது கருப்பு."

"கருப்பு குடிச்சிட்டு மலையேறிப் போயிரும்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறது யாரு?"

ஜெயபாண்டி அதற்கும் வழி வைத்திருந்தார். கும்பிடுக்கு இரண்டு நாள் முன்னால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டியது, பாட்டிலைக் குடித்துவிட வேண்டியது, மறுநாளிலிருந்து பழையபடி போட்டுக்கொள்ள வேண்டியது, டாக்டரம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லித் தொந்தரவு கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தாராம். அவர் இப்போது எங்கே என்று அன்னக்கொடி கேட்டாள். ஜெயபாண்டி அதைக் காதில் வாங்கவில்லை. குடிக்காத உடம்பில் கருப்பு இறங்காது, இறங்காவிட்டால் சாமியாடிப் பட்டத்தைத் தன் மகன் சூரியபிரகாஷுக்கு மாற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மொக்கையன் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரைக்கும் அது உடம்பில் வேலை செய்யும், இரண்டு நாள் கணக்கெல்லாம் சுடுகாட்டுக்கு வழி என்றார்.

"குடிக்கிறது சாமி, டாக்டர்."

"யார் குடிச்சாலும் உங்க வாய் வழியாத்தானே போகணும்? அப்ப உங்க சாமிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"பட்டத்த விட மாட்டேன். மாத்திரையவும் விட மாட்டேன்."

"ரெண்டையும் விட வேண்டாம். பாட்டிலை மட்டும் விடுங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

சொல்வது சுலபம். மொக்கையனுக்குள் வேறொரு பயம் இருந்தது, அதை அவர் டாக்டரிடமும் சொல்லவில்லை, அன்னக்கொடியிடமும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமும் மேளம் அடிப்பதற்கு முன்னால் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஒரு குவார்ட்டரை இறக்கிவிட்டுத்தான் அவர் வந்து நிற்பார். வெறும் உடம்போடு கருப்பு முன்னால் அவர் நின்றதே இல்லை. இத்தனை வருடம் வந்தது கருப்பா, குவார்ட்டரா? ஜெயபாண்டி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? கம்பெனியில் அச்சிலிருந்து குடங்களை எடுத்து அடுக்கும்போது இதையே நினைத்து ஒரு நாள் முழுக்கக் கைப்பிடி இல்லாத குடங்களாக எடுத்துவிட்டார். அவை உசிலம்பட்டிச் சந்தையில் பூந்தொட்டி என்று விற்றுப் போயின.

கும்பிடுக்கு முதல் நாள் சின்னம்மா சீனியம்மாள் ஒரு பாட்டிலோடு வந்தாள். சரக்கு இல்லை, அரிஷ்டம். சாமியாட வேண்டிய உடம்பு, தெம்பு வேண்டாமா என்று தம்ளரில் ஊற்றி நீட்டினாள். பாசத்தோடு கொண்டு வந்தது. மொக்கையன் வாய்வரை கொண்டுபோய்விட்டார். மூக்குதான் நிறுத்தியது. பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்த பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார்.

"சின்னம்மா, இதுல சரக்கு இருக்கு. எனக்கு ஆகாது."

சீனியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாகச் சோற்றுக்குப் பிறகு இரண்டு மூடி குடித்து வருகிறவள் அவள். "அப்ப நான் என்ன குடிகாரியாடா?" என்று கேட்டாள். அப்படி இல்லை, மாத்திரை போடாதவர்களுக்கு அது மருந்து, தனக்கு மட்டும் விஷம் என்று அட்டையைக் காட்டி விளக்கினார். சமாதானம் ஆகாமல் தம்ளரை வாங்கித் தானே குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில், கும்பிடு நாளாயிற்றே என்று அன்னக்கொடி தயங்கியபோதும், மொக்கையன் ஆறரைக்குக் குழாயடிக்குப் போய் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெளியூரிலிருந்து வந்திருந்த பங்காளிகளுக்கும் நாக்கைக் காட்டினார்.

உச்சிப்பொழுதில் கிடாய் விழுந்தது. கண்மாய்க்கரை முழுக்க ஆள். மேளமும் உறுமியும் ஆரம்பித்தன. மொக்கையன் கருப்புக் கச்சை கட்டிப் பீடத்துக்கு முன்னால் நின்றார். வேப்பமரத்துப் பக்கம் போகவில்லை. கால் மணி நேரம் அடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. வெயிலில் நெற்றி வியர்த்ததைத் தவிர உடம்பில் ஓர் அசைவு இல்லை. ஜெயபாண்டி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மகன் சூரியபிரகாஷைப் பார்த்தார். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு, வந்தா வா, வராட்டி போ, நான் குடிக்க மாட்டேன், என்று மனசுக்குள் சொன்னார். வேண்டுதலாக அதைச் சொல்லவில்லை, சண்டையாகத்தான் சொன்னார்.

பாதத்தில் சுள்ளென்று ஏதோ ஏறியது. முழங்கால் தாண்டியது. அதற்கப்புறம் அவர் இல்லை.

கருப்பு போட்ட சத்தத்தில் கண்மாயில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் கப்பலூர் வரைக்கும் போய் இறங்கின. அருவாளை வலது கையில் வாங்கி ஆள் உயரத்துக்குத் துள்ளியது. பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு ஆட்டத்தை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் இத்தனை வருடமும் கருப்பு ஆடியதில் பாதி தள்ளாட்டம்.

ஜெயபாண்டி மூடியைத் திருகிப் பாட்டிலை நீட்டினார். கருப்பு இடது கையால் வாங்கியது. மேளக்காரர் குச்சியை ஓங்கினார். ஓங்கிய குச்சி அப்படியே நின்றது, ஏனென்றால் கருப்பு குடிக்கவில்லை.

"யாருக்குடா இது?"

"உனக்குத்தாஞ்சாமி," என்றார் ஜெயபாண்டி.

"நான் கேட்டனா?"

"எங்க பாட்டன், பூட்டன் காலத்துல இருந்து குடுக்குறோம் சாமி."

"குடுத்தீக. நான் கேட்டனான்னு கேட்டேன்." கருப்பு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. "நான் நிக்கிற உடம்பு காலையில மாத்திரை போட்ட உடம்புடா. இத ஊத்துனா இவன் செத்துப் போவான். அப்புறம் எவன் மேலடா நான் வாரது? ஒன் மேலயா?"

ஜெயபாண்டி ஓரடி பின்னால் போனார். ஆனாலும் விடவில்லை. முதல் மரியாதை வாங்குகிறவர் எப்படி விடுவார்? பேசுவது கருப்புதானா, இல்லை மொக்கையன் கருப்பு மாதிரிப் பேசுகிறானா என்று பங்காளிகள் பக்கம் திரும்பிச் சத்தமாகவே கேட்டார்.

"யாரு பேசுனா ஒனக்கென்ன? கருப்புன்னாலும் குடிக்காது. மொக்கையன்னாலும் குடிக்க மாட்டான். எவன்கிட்டக் கேட்டாலும் பதிலு இதுதான்."

அதற்கு மேல் கேட்க ஜெயபாண்டிக்கு மூன்றாவதாக ஆள் இல்லை. கருப்புக்குத் தாகம் எடுத்தது. பன்னீர் சோடா கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி ஆறு பாட்டில் வாங்கி வந்தார்கள். ஒரு கையில் அருவாளும் மறு கையில் அந்தப் பாட்டிலும் இருந்ததால் பூசாரிதான் வாயில் ஊற்றினார். ஆறாவது முடிந்ததும் கருப்பு விட்ட ஏப்பம் சமணர் மலையில் முட்டித் திரும்பி வந்தது. இரண்டாயிரம் வருடமாகக் காலியாகக் கிடக்கும் கல்படுக்கைகளில் யாரோ புரண்டு படுத்த சத்தம் கேட்டதாக ஆடு மேய்த்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு வாக்குச் சொல்லும் நேரம். பெண்கள் வரிசை கட்டினார்கள். முன்னால் வந்தவள் திவ்யா, சூரியபிரகாஷின் மனைவி, ஜெயபாண்டியின் மருமகள். கல்யாணமாகி இரண்டு வருடம். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சாமி, அந்த மாத்திரைய வாங்கி அவருக்குத் தெரியாம கொழம்புல கலந்து விட்டுறவா?"

உறுமி நின்றது. சூரியபிரகாஷ் கழற்றிய பொத்தானை மறுபடி போட்டான்.

"கலந்துறாத தாயி," என்றது கருப்பு. குரல் இறங்கியிருந்தது. "தெரியாமத் தின்னுட்டுக் குடிச்சான்னா, நெஞ்சு நின்னு போகும். அவனே வரணும். டாக்டரு அவன் ஈரலப் பாக்கணும். அவன் கையாலதான் அவன் முழுங்கணும். செவ்வா, வெள்ளி, காலையில ஒம்போதுல இருந்து பன்னெண்டு. சீட்டு எட்டு மணிக்கே போட்டுரணும்."

அந்த வட்டாரத்தில் கருப்பு ஆஸ்பத்திரி நேரம் சொன்னது அதுதான் முதல் தடவை. சில பெண்கள் போனில் குறித்துக்கொண்டார்கள்.

அருவாளைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் திருநீறு போட்டு முடித்துக் கருப்பு மலையேறியது. மொக்கையன் கால் மடங்கி உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தபோது வெயிலும், சுற்றி நின்ற கால்களும் தெரிந்தன. இடது கையில் ஏதோ கனத்தது. பாட்டில். மூடி திறந்திருந்தது. நிறைந்திருந்தது.

கருப்பு இருந்தவரைக்கும் அந்தப் பாட்டிலால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது கருப்பு இல்லை. ஏழு மாதத்தில் இவ்வளவு பக்கத்தில் அந்த வாசனை வந்ததில்லை. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. மாத்திரை இருக்கிறது, குடித்தால் சாவோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கை பாட்டிலை விடவில்லை, விரல்கள் வேறு யாருடையவோ போல இறுகியிருந்தன. அன்னக்கொடி இரண்டடி தள்ளி நின்றாள். ஓடி வந்து பிடுங்கியிருக்கலாம். அவள் பிடுங்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். ஜெயபாண்டியும் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரே நின்றது.

மொக்கையன் எழுந்தார். எழ இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

"அண்ணே, சாமி போயிருச்சு," என்றார். "சாமி என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்ப நான் சொல்றேன். எனக்கு வேணாம்."

பாட்டிலை நீட்டினார். ஜெயபாண்டி அவசரமாக இழுத்ததால் இரண்டு பேர் கையிலும் சிந்தியது. மொக்கையன் நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார்.

சாயங்காலம் கறிச்சோறு சாப்பிட்டபோது ஜெயபாண்டி பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். அடுத்த மாசிக்குப் பட்டம் சூரியபிரகாஷுக்குத்தான் என்று எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். பூட்டன் காலத்திலிருந்து குடித்த சாமியை ஒருநாளில் சோடா குடிக்க வைத்தவனை நம்ப முடியாது என்றார்.

"அடுத்த மாசிக்கு அடுத்த மாசியில பேசுவோம். பட்டத்துக்கு நான் நிப்பேன், மாத்திரையும் போட்டுட்டுத்தான் நிப்பேன். அவன் நின்னா நிக்கட்டும். அதுவரைக்கும் அவன் உசுரோட இருக்கணும்ல," என்றார் மொக்கையன்.

ஜெயபாண்டி எலும்பை இலையில் போட்டார். இலையை மடித்துவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மொக்கையன் பஸ்ஸுக்கு நின்றார். மாதாந்திரப் பரிசோதனை. எதிர்ப்பக்கம், மதுரைக்குப் போகாத பஸ் நிற்கும் இடத்தில், சூரியபிரகாஷ் நின்றுகொண்டிருந்தான், செல்போனைப் பார்த்தபடி. வணக்கமும் சொல்லவில்லை, சின்னப்பா என்றும் கூப்பிடவில்லை. மதுரை பஸ் வந்ததும் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து பின்வாசலில் ஏறினான். மொக்கையன் முன்வாசலில் ஏறினார். உள்ளே பாதி இருக்கை காலியாகத்தான் இருந்தது. யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பது கண்டக்டருக்கும் தெரிய வேண்டும் என்று இருவரும் ஆளுக்கொரு வாசலில் மதுரைவரை நின்றுகொண்டே போனார்கள்.